வடக்கு கார்க் ஜூனியர் ஹர்லிங்: இந்தப் போட்டி எப்படி வந்தது?

மல்லோமுருகன் கேட்டது:

வணக்கம். அயர்லாந்தில் கார்க் கவுண்டியின் வடக்கே, மல்லோவில் குடியிருக்கிறேன். தொழிற்சாலையில் என்னோடு ஷிஃப்ட் பார்க்கிறவர் ஒருவர். வயது 34, இரண்டு பிள்ளைகள். வேலை முடிந்ததும் ஹர்லி மட்டையும் கையுமாக மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார். ஹர்லிங், மட்டையும் சின்னப் பந்துமாக ஆடுகிற அயர்லாந்து ஆட்டம். அவர் ஆடுவது ‘அவன்டூ ஜூனியர் ஏ’ என்ற போட்டியில். ஜூனியர் என்பது வயதுக் கணக்கு இல்லை, ஆட்டத் தரத்தின் அடுக்கு என்பதுவரை எனக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

போன வாரம் அரையிறுதியில் ஒரு புள்ளியில் தோற்றுவிட்டார்கள். மறுநாள் கேண்டீனில் ஆறுதலாக நாலு வார்த்தை பேசலாம் என்று அவரிடம் போனேன். பக்கத்து மேஜைக்காரர் கண்ணைக் காட்டி வேண்டாம் என்றார். காசு கிடையாது, டிவியில் வராது, பார்க்க வருகிறவர்கள் சில நூறு பேர் இருந்தால் அதிகம். அதற்கு ஏன் இவ்வளவு துக்கம்?

இணையத்தில் தேடினால் வருஷமும் ஜெயித்த ஊரும் மட்டும் வரிசையாகக் கிடக்கிறது. கார்க்கை ஏன் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்தார்கள்? யார் ஆரம்பித்தது? இதில் ஜெயித்தால் அடுத்து எங்கே போவார்கள்? சென்னையில் நாலாம் டிவிஷன், ஐந்தாம் டிவிஷன் என்று கிரிக்கெட் லீக் நடக்குமே, அது மாதிரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஸ்டெல்லா_ஃபெர்மாய் எழுதியது:

முருகன் தம்பி, உங்களைத் தடுத்த அந்த மேஜைக்காரர் நல்ல மனுஷர். அரையிறுதியில் தோற்றவனிடம் ஒரு வாரத்துக்கு வானிலை பற்றித்தான் பேச வேண்டும்.

நான் ஃபெர்மாயில் நர்ஸ். என் மகன் பள்ளிக்கூடத்தில் மட்டையைப் பிடித்தான். அவன் பின்னால் போன நான் கிளப்பில் டீ போடுகிறவள் ஆனேன், அப்புறம் வாசலில் டிக்கெட் பார்க்கிறவள் ஆனேன். டீ போடும் இடத்தில் பெரியவர்கள் பேசாத கதை கிடையாது. அப்படிச் சேர்ந்ததுதான் நான் சொல்லப்போவது.

சென்னை லீக் மாதிரியா என்றால், அடுக்கு மட்டும்தான் ஒற்றுமை. அங்கே ஒருவர் இந்த வருஷம் ஒரு கம்பெனி அணி, அடுத்த வருஷம் வேறு அணி என்று போகலாம். இங்கே நீங்கள் எந்தப் பங்கில் பிறந்தீர்களோ அதுதான் உங்கள் கிளப். நான் தூத்துக்குடிக்காரி, பங்கு என்றால் என்னவென்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதா கோவில், அதைச் சுற்றி ஊர், அந்த ஊருக்கு ஒரு அணி. கிளப் மாறுவதற்கு விதி இருக்கிறது, மனு இருக்கிறது. மனு போட்டவனைப் பக்கத்து வீட்டுக்காரர் ஏற இறங்கப் பார்ப்பதும் இருக்கிறது.

இந்த ஆட்டங்களை நடத்துகிற ஜி.ஏ.ஏ. (கேலிக் விளையாட்டுச் சங்கம்) 1884 நவம்பர் 1 அன்று டிப்பரரியில் தர்ல்ஸ் ஊரின் ஹேய்ஸ் ஹோட்டலில் தொடங்கியது. மைக்கேல் குசாக், மாரிஸ் டேவின் போன்றவர்கள் கூடிய கூட்டம் அது. சீக்கிரமே சீனியர், அதாவது உச்ச அடுக்குப் போட்டிகள் வந்துவிட்டன. ஆனால் சீனியரில் ஆட ஆள்பலம் வேண்டும். ஒரு முழு அணியை நிறுத்தவே திணறுகிற குக்கிராமம் நகரத்துக் கிளப்புகளோடு மோதி அடி வாங்கிக்கொண்டே இருந்தால் இரண்டே வருஷத்தில் மட்டையைப் பரணில் போட்டுவிடும். அதனால் அடுத்த அடுக்கு தேவைப்பட்டது. கார்க்கில் ஜூனியர் போட்டி 1895-லேயே வந்துவிட்டது.

இதில் சிக்கல், கார்க் அயர்லாந்திலேயே பெரிய கவுண்டி. கிழக்கே யோலிலிருந்து மேற்கே பேரா முனைவரை இன்றைக்குக் காரில் போனாலே இடுப்பு ஒடிந்துவிடும். சைக்கிளிலும் குதிரை வண்டியிலும் ரயிலிலும் போன காலத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் பால் கறந்துவிட்டு வந்து ஆட வேண்டும், சாயங்காலம் கறக்கிற நேரத்துக்குத் திரும்ப வேண்டும். தூரத்து ஊரோடு ஆட்டம் என்றால் முடிகிற காரியமா? உள்நாட்டுப் போர் 1923-ல் ஓய்ந்தது. அதையடுத்த வருஷங்களில்தான் கவுண்டியைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வாரியம் வைக்க ஆரம்பித்தார்கள். வடக்கே நம்முடைய அவன்டூ, கிழக்கே இமோகிலி, மேற்கே கார்பரி, நடுவில் மஸ்கெரி, வடமேற்கே டூஹாலோ, தென்கிழக்கே கேரிக்டூன், நகரத்துக்கு ஷாண்டூன், மேற்கு ஓரத்தில் பேரா. இதில் பாதிக்கு மேல் பழைய நிலப்பிரிவுகளின் பெயர்கள். ஜனங்கள் ஏற்கெனவே ‘நாங்கள் மஸ்கெரிக்காரர்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்ததால் வாரியங்கள் புதிதாகப் பெருமையை உண்டாக்க வேண்டியிருக்கவில்லை.

ஆக, உங்கள் நண்பர் ஆடுவது இந்த டிவிஷன் போட்டி. அவன்டூவில் ஜெயித்தவர்கள் இமோகிலியில், கார்பரியில், மற்ற டிவிஷன்களில் ஜெயித்தவர்களோடு மோதுவார்கள். அதிலும் ஜெயித்தால் கவுண்டி ஜூனியர் சாம்பியன், மேல் அடுக்குக்கு ஏற்றம். அதற்கும் மேலே மன்ஸ்டர் மாகாணம், அதற்கும் மேலே டப்ளினின் க்ரோக் பார்க் மைதானத்தில் ஆல் அயர்லாந்து இறுதி. ஊர் வயலோரத்து மைதானத்திலிருந்து க்ரோக் பார்க் வரைக்கும் ஒரே ஏணி. இந்த ஏணி இப்போது ஓரிடத்தில் ஆட்டம் காண்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏறிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். டூஹாலோவின் மீலின் சின்னக் கிராமம். 2011-ல் ஆல் அயர்லாந்து ஜூனியர் கிளப் பட்டத்தை வாங்கிவந்தது. அப்புறம் நம் பக்கத்து பாலிகிப்ளின். மிட்செல்ஸ்டவுனை ஒட்டிய இடம். 2021-ல் கவுண்டி ஜூனியர் ஏ ஜெயித்து, மன்ஸ்டரும் ஜெயித்து, 2022 பிப்ரவரியில் க்ரோக் பார்க் போனார்கள். அந்த அணியில் மார்க் கீன் இருந்தார். ஆஸ்திரேலியாவில் காலிங்வுட் அணிக்கு ஆடியவர். 2020 நவம்பரில் கார்க்கின் கேலிக் ஃபுட்பால் அணிக்காகக் கெர்ரிக்கு எதிராகக் கடைசி மூச்சில் கோல் அடித்து நாட்டையே வாயைப் பிளக்க வைத்தாரே, அவரேதான். இங்கே பங்குக்காரப் பையனாக ஜூனியர் ஆடினார். அதுதான் இந்த அடுக்கின் ருசி. அவரை மார்க் பண்ணுகிறவர் மின்சார வேலை செய்கிறவராக இருப்பார், மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போக வேண்டியவர்.

அந்த இறுதியில் கில்கெனியின் மூன்காயினிடம் தோற்றார்கள். எனக்கு அன்றைக்கு டியூட்டி. வார்டில் ஒரு தாத்தா ரேடியோவைக் காதில் வைத்தபடி மாத்திரையை வாங்க மறுத்துவிட்டார். ஆட்டம் முடிந்த பிறகும் வாங்கவில்லை.

ஆனால் விடவில்லை. மறு வருஷம் திரும்பி வந்து, 2023 ஜனவரியில் ஸ்லைகோவின் ஈஸ்கியை ஜெயித்துக் கோப்பையை வாங்கினார்கள்.

உங்கள் நண்பரின் துக்கத்துக்கு வருகிறேன். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒரு ஆட்டம் பாருங்கள், புரியும். இரண்டு பேர் ஒரே பந்துக்கு மட்டையை வீசுவார்கள், ஒரு ஹர்லி முறியும், பாதி காற்றில் பறக்கும். முறிந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டிக்கொண்டு கோட்டுப் பக்கம் ஓடுவார். அங்கே அவருடைய அப்பாவோ அண்ணனோ மாற்று மட்டையோடு நிற்பார், பிடியில் புது டேப் சுற்றியிருக்கும், அதிலே பேனாவால் இனிஷியல். வாங்கிக்கொண்டு திரும்ப ஓடுவதற்குள் அந்தப் பக்கம் வெள்ளைக் கோட் அணிந்த நடுவர் வெள்ளைக் கொடியை ஆட்டியிருப்பார், ஒரு புள்ளி போயிருக்கும். ஒரு புள்ளியில் தோற்றார்கள் என்றீர்களே. அது யாருடைய பக்கமாகப் போன புள்ளி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவரும் அதே ஊரில்தான் பால் வாங்கப் போக வேண்டும்.


ருய்ஸ்லிப்_ரவி எழுதியது:

ஸ்டெல்லா அக்கா கிளப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். கவுண்டி முழுதுக்குமாக ஆடுகிற அணிகளுக்கும் ஜூனியர் இருந்தது, அதை நான் சேர்க்கிறேன். லண்டனில் ருய்ஸ்லிப் ஜி.ஏ.ஏ. மைதானத்துக்குப் பக்கத்தில் வீடு. சனி ஞாயிறு வாக்கிங் போனால் ஏதாவது ஆட்டம் கண்ணில் படும், அப்படித்தான் எனக்கும் பழக்கம்.

ஆல் அயர்லாந்து ஜூனியர் ஹர்லிங் 1912-ல் தொடங்கியது. முதல் பட்டம் கார்க்குக்கு. மன்ஸ்டர் மாகாணத்தில் அதற்கு முன்னாலேயே ஜூனியர் ஆட்டம் இருந்தது. கார்க், டிப்பரரி மாதிரிப் பெரிய கவுண்டிகளுக்கு இது இரண்டாம் அணிக்கான மேடை, சின்னக் கவுண்டிகளுக்கோ இதுவே உச்சம். ஆஃபலியைப் பாருங்கள்: 1923-லும் 1929-லும் ஜூனியர் ஜெயித்தது, சீனியர் பட்டத்துக்கு 1981 வரை காத்திருந்தது. வெஸ்ட்மீத் 1936-ல் ஜூனியர் ஜெயித்தது.

இதில் லண்டனுக்கு ஒரு தனி இடம். உள்நாட்டில் ஜெயித்தவர்கள் கடைசியில் கடல் தாண்டி வந்த அணியோடு மோத வேண்டும் என்று ஏற்பாடு இருந்தது. 1938, 1949, 1959, 1960, 1963 என்று லண்டன் ஜூனியர் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனது. ஐம்பதுகளில் வேலை தேடி அயர்லாந்திலிருந்து கூட்டம் கூட்டமாக இங்கிலாந்துக்கு வந்தார்கள். சீனியர் தரத்தில் ஆடியவனே இங்கே வந்து சாலை போட்டுக்கொண்டும் கட்டடத்தில் கலவை சுமந்துகொண்டும் இருந்தான். அப்புறம் லண்டன் ஜெயிக்காமல் என்ன செய்யும்? இதற்கெல்லாம் முன்னால் 1901-க்கான சீனியர் பட்டத்தையே லண்டன் வாங்கியிருக்கிறது. அந்த இறுதி ஆட்டம் தள்ளிப்போய் 1903 ஆகஸ்டில்தான் நடந்தது. தோற்றது யார் தெரியுமா? கார்க். அக்கா கோபிக்கக் கூடாது.

1961-ல் இன்டர்மீடியட் என்று நடுவில் ஒரு அடுக்கைச் செருகினார்கள். பெரிய கவுண்டிகளின் இரண்டாம் அணிகள் அங்கே போக, ஜூனியர் சின்னக் கவுண்டிகளின் கைக்கு வந்தது. 1962-ல் கில்டேர், 1967-ல் விக்லோ. அதற்குப் பிறகு ஒரு காலம் பெரிய கவுண்டிகளை மறுபடி உள்ளே விட்டார்கள், மறுபடி வெளியே அனுப்பினார்கள். வருஷாவருஷம் அந்த விதிகளைப் படித்தால் தலை சுற்றும், நான் பாதியில் விட்டுவிட்டேன். 2005-ல் சின்னக் கவுண்டிகளுக்கென்று கிறிஸ்டி ரிங் கோப்பை, நிக்கி ராக்கர்டு கோப்பை வந்தன. ராக்கர்டு கோப்பையின் முதல் பட்டம் எங்கள் லண்டனுக்கு.


கணக்கன் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் கார்க்கில் இப்போது பிரீமியர் சீனியர், சீனியர் ஏ, பிரீமியர் இன்டர்மீடியட், இன்டர்மீடியட் ஏ, பிரீமியர் ஜூனியர் என்று ஐந்து அடுக்கு தாண்டித்தான் ஜூனியர் ஏ வருகிறது. ஆறாம் அடுக்கு. அதிலும் பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகள் வேறு வந்து ஆடுகின்றன. இதைப் போய் வரலாறு, ஏணி என்று பேசுவது கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா?


ஸ்டெல்லா_ஃபெர்மாய் எழுதியது:

ரவி, 1903-ஐ இன்னும் நினைவில் வைத்திருப்பது லண்டனில் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். வாழ்க.

கணக்கன் சார், ஆறாம் அடுக்குதான். ஆனால் ஆறாம் அடுக்கு ஆட்டக்காரன் முதல் அடுக்கில் ஆட இங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். டிவிஷன் வாரியங்கள் ஜூனியர் போட்டி நடத்துவதோடு நிற்பதில்லை. சீனியர் தகுதி இல்லாத தங்கள் கிளப்புகளிலிருந்து நல்ல ஆட்டக்காரர்களைப் பொறுக்கி ஒரே அணியாக்கி, கவுண்டி சீனியர் போட்டியிலேயே இறக்குகின்றன. அவன்டூ அப்படி 1952, 1966, 1996-ல் கார்க் சீனியர் பட்டம் ஜெயித்தது. கார்பரி 1994-ல் ஜெயித்தது. இமோகிலி 1997, 1998-ல் ஜெயித்தது, அப்புறம் 2017 முதல் 2019 வரை தொடர்ந்து மூன்று. ஊரில் மாடு மேய்ச்சலும் ஜூனியர் ஆட்டமுமாக இருக்கிறவன், பார்க் ஈ கீவ் மைதானத்தில் சீனியர் பதக்கம் வாங்குகிறான்.

2024-லும் இமோகிலிதான் ஜெயித்தது, இறுதியில் சார்ஸ்ஃபீல்ட்ஸ் என்ற கிளப்பை. ஆனால் டிவிஷன் அணி தனிக் கிளப் இல்லை என்பதால் மன்ஸ்டருக்குப் போக முடியாது. தோற்ற சார்ஸ்ஃபீல்ட்ஸ் போனது, போய் வாட்டர்ஃபோர்டின் பாலிகன்னரை ஜெயித்து மன்ஸ்டர் சாம்பியனாகவும் ஆகிவிட்டது. இமோகிலிப் பையன்கள் அந்த ஆட்டத்தை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

இப்போது ஏணி விஷயம். 2020-ல் கார்க் போட்டிகளை எல்லாம் மாற்றி அடுக்கினார்கள். அதில் ஜூனியர் ஏ-வுக்கு நேர் மேலே இருக்கிற அடுக்குக்கு முதலில் லோயர் இன்டர்மீடியட் என்று பெயர், பிறகு பிரீமியர் ஜூனியர் என்று மாற்றினார்கள். பெயர் மாறியதோடு மன்ஸ்டர் ஜூனியருக்குப் போகும் டிக்கெட்டும் அதன் கைக்குப் போய்விட்டது. பாலிகிப்ளின் கதையைத் திரும்பப் பாருங்கள். 2021-ல் ஜூனியர் ஏ சாம்பியனாக மன்ஸ்டர் போனார்கள். ஏற்றம் கிடைத்து 2022-ல் பிரீமியர் ஜூனியர் ஜெயித்து, மறுபடி அதே மன்ஸ்டர் ஜூனியருக்குப் போனார்கள். ஒரே கிளப், அடுத்தடுத்த வருஷம், வேறு வேறு கதவு வழியாக ஒரே வீட்டுக்குள். அவர்களுக்கு அதிர்ஷ்டம். அவர்களுக்குப் பின்னால் வந்த ஜூனியர் ஏ சாம்பியன்களுக்கு முதல் கதவு சாத்தியாகிவிட்டது.

அதாவது, டிவிஷன்களில் ஜெயித்து வருகிறவன் இப்போது கவுண்டி இறுதியோடு நிற்கிறான். எனக்கு இது பிடிக்கவில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு டிவிஷன் இறுதியிலும் ‘இதில் ஜெயித்தால் எதுவரை போகலாம்’ என்று ஒரு பேச்சு இருந்தது. டீ வரிசையில் அந்தப் பேச்சு குறைந்துவிட்டதை நானே பார்க்கிறேன்.


கணக்கன் எழுதியது:

டிவிஷன் அணி விஷயம் தெரியாது, நல்ல தகவல். ஆனால் மன்ஸ்டர் டிக்கெட் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. லிமரிக்கில் ஜூனியர் என்றால் நாலாவது அடுக்கு. அவர்களோடு கார்க்கின் ஐந்தாவது அடுக்கு மோதுவதே ஒரு படி கீழேதான். ஆறாவதை அனுப்பச் சொல்வது எப்படி?


ஸ்டெல்லா_ஃபெர்மாய் எழுதியது:

கணக்குப்படி நீங்கள் சொல்வது சரி சார். ஆனால் அந்த ஆறாவது அடுக்கு 2021-ல் போய் மன்ஸ்டரை ஜெயித்துக்கொண்டு வந்ததே! பலம் இல்லாதவனை அனுப்பினால் அடி வாங்குவான் என்றால் புரிகிறது, ஜெயித்துக்கொண்டிருந்தவனை ஏன் நிறுத்த வேண்டும்?


மல்லோமுருகன் எழுதியது:

அக்கா, ரவி அண்ணா, கணக்கன் சார், எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு மதியம் நண்பரிடம் துணிந்து ஒரு கேள்வி கேட்டேன்: 1996-ல் அவன்டூ சீனியர் ஜெயித்தபோது உங்கள் ஊரிலிருந்து யாராவது ஆடினார்களா? சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு மணி அடிக்கிறவரை பேசினார். அரையிறுதியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இறுதி ஆட்டத்துக்குக் கூட வரச் சொல்கிறார், தோற்கடித்த ஊர் ஆடுகிற ஆட்டம்தான். போகலாமா? என்ன கொண்டு போக வேண்டும்? மகளையும் அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன், ஆறு வயது.


ஸ்டெல்லா_ஃபெர்மாய் எழுதியது:

கட்டாயம் போங்கள். மழைக்கோட்டு இரண்டு பேருக்கும், குடை வேண்டாம், பின்னால் நிற்கிறவர் திட்டுவார். டிக்கெட்டை முன்கூட்டியே போனில் வாங்கச் சொல்கிறார்களா, வாசலில் வாங்கலாமா என்று நண்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பழைய மாதிரி எல்லா இடத்திலும் சில்லறை வாங்குவதில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் மட்டும் பிள்ளையோடு நிற்க வேண்டாம், வலையைத் தாண்டி வருகிற ஸ்லிட்டர் பந்து கல் மாதிரி இருக்கும். நடுக்கோட்டுப் பக்கமாக, மேட்டில் நில்லுங்கள்.

ஸ்கோர் 1-14 என்று போட்டிருந்தால் 1 கோல், 14 புள்ளி. கோலுக்கு 3, ஆக மொத்தம் 17. மகளிடம் சொல்லி வையுங்கள், பச்சைக் கொடி ஆடினால் கோல், வெள்ளை ஆடினால் புள்ளி. அரை மணி நேரத்தில் உங்களுக்கே கணக்குச் சொல்லுவாள்.

யார் ஜெயிக்க வேண்டும் என்று உங்கள் நண்பரிடம் கேட்காதீர்கள். தோற்கடித்தவன் ஜெயித்தால் நம்மைத் தோற்கடித்தது சாம்பியன் என்று ஒரு ஆறுதல், தோற்றால் அது வேறு ஒரு ஆறுதல். பாதி ஆட்டம் வரை அவருக்கே தெரியாது.